இளம்பருவ மனச்சிதைவும் மூளை இணைப்பும்

18 வயதுக்கு முன் தோன்றும் மனச்சிதைவு நோய் இளம்பருவ மனச்சிதைவு எனப்படும். இல்லாத குரல்கள் கேட்டல், காரணமற்ற ஐயம், தொடர்பற்ற பேச்சு ஆகியன இதன் அறிகுறிகளாகும். பள்ளி இறுதி வகுப்புப் பருவத்தில் தொடங்கும்போது இது தேர்வு அச்சமாகவோ சோம்பலாகவோ தவறாகக் கருதப்படுவதுண்டு.

மூளை இணைப்பு

பயன்படாத நரம்பிணைப்புகளை மூளை கழித்துவிடுவது இளம்பருவத்தின் இயல்பாகும். இக்கழிப்பு பிறழ்வதால் நோய் தோன்றலாம் என 1982இல் இர்வின் ஃபைன்பெர்க் கருதினார். 2016இல் வெளியான சி4 மரபணு ஆய்வு இக்கருத்துக்கு வலுச்சேர்த்தது. மூளையின் நெற்றிப் பகுதியையும் பொட்டுப் பகுதியையும் இணைக்கும் நரம்புநார்கள் நோயுற்றோரில் மாறுபட்டிருப்பதை எம்ஆர்ஐ ஆய்வுகள் காட்டுகின்றன. எனினும் இது குழுக்களுக்கிடையிலான சராசரி வேறுபாடே. ஒருவரின் படத்தை மட்டும் கொண்டு நோயை உறுதிசெய்ய இயலாது. நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் பேசியே மருத்துவர் முடிவுசெய்கிறார்.

காவிரிப் பகுதியில்

மனநோயுற்றோரை காவிரிக் கரையிலுள்ள குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்கவைத்து வழிபடுவது நெடுங்கால வழக்கமாகும். வழிபாடு ஆறுதல் தரலாம். ஆனால் மருத்துவம் தள்ளிப்போகும் அளவுக்கு நலமடைவது கடினமாகிறது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது. மா. சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பு, 2010இல் தஞ்சையை அடுத்த புதுக்கோட்டை மாவட்டச் சிற்றூர்களுக்குப் பேருந்து ஒன்றை அனுப்பத் தொடங்கியது. மருந்தகமும் கொண்ட அப்பேருந்தில் அமர்ந்தே நோயாளிகள் தொலைவிலுள்ள மனநல மருத்துவரிடம் காணொளி வழியே பேசினர்.