ஃபேக்டரி ரீசெட்: புதுசாக்குறது வேற, அழிக்கிறது வேற

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்போ அப்பா ஒரு வேலை கொடுத்தார். ஹால் மூலையில தூசி படிஞ்சு கிடந்த பழைய டெஸ்க்டாப்பை தெரிஞ்சவர் ஒருத்தருக்குக் கொடுக்கணுமாம். "நீதான் இன்ஜினியராச்சே, எல்லாத்தையும் அழிச்சு புதுசு மாதிரி பண்ணிக் குடு."

யோசிச்சுப் பார்த்தா, அப்பா சொன்னதுல ரெண்டு வேலை இருக்கு. ஒண்ணு, மெஷினைப் புதுசாக்குறது. இன்னொண்ணு, நாம அதுல விட்டு வெச்சதை அழிக்கிறது. நாம ரெண்டையும் ஒரே வேலைன்னு நினைச்சு ஒரே பட்டனை அழுத்துறோம். ஆனா கம்ப்யூட்டர் வரலாற்றில் இவை தனித்தனியாக வளர்ந்தவை. அந்தக் கதைதான் இன்னைக்கு.

1982-ல் இருந்து ஆரம்பிப்போம். அந்த வருஷம் கொமடோர் 64 வந்தது. அதோட சிஸ்டம் மொத்தமும் 20 கிலோபைட் ராம் (ROM) இல்ல, இருங்க, தமிழ்ல ரெண்டும் ஒரே மாதிரி கேக்கும். ஒண்ணு அழிக்க முடியாத நிரந்தர நினைவகம், இன்னொண்ணு கரண்ட் போனா மறந்துடுற தற்காலிக நினைவகம். சிஸ்டம் இருந்தது அந்த நிரந்தர சிப்ல. நீங்க அதுல என்ன கூத்தடிச்சாலும் சரி, ஸ்விட்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா அதே நீலத் திரை, "38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ", கீழே "ரெடி". ஃபேக்டரி ரீசெட்னு தனியா ஒரு பேரே தேவைப்படல. பவர் பட்டன்தான் ரீசெட்.

1981-ல் வந்த முதல் ஐபிஎம் பிசி-யில டாஸ் ஃப்ளாப்பியில இருந்தது. ஒரிஜினல் ஃப்ளாப்பி உங்க மேஜை டிராயர்ல பத்திரமா இருக்கும். திருப்புமுனை 1983. ஐபிஎம் பிசி எக்ஸ்டி, உள்ளேயே 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க்கோட வந்தது. இன்னைக்கு வாட்ஸ்அப்ல வர்ற ஒரு வீடியோ அளவு. ஆனா அந்த 10 மெகாபைட்டுக்குள்ளதான் ஒரு பெரிய விஷயம் நடந்தது: கம்பெனி கொடுத்ததும் நாம உருவாக்கினதும் ஒரே இடத்துல குடியேறின. ஒண்ணைச் சரி பண்ணப் போனா இன்னொண்ணு மேலயும் கை படும். ரீசெட் என்கிற பிரச்சினை பிறந்த இடம் இதுதான்.

அப்புறம் சிஸ்டம் பெருத்துக்கிட்டே போச்சு. விண்டோஸ் 95-ஐ ஃப்ளாப்பியில வாங்கினா 13 டிஸ்க். பன்னிரண்டாவதுல ரீட் எரர் வந்தா அன்னைக்குப் பொழுது அவ்வளவுதான். அதுக்குப் பதிலா ரிகவரி சிடி வந்தது. போட்டா, கடையில இருந்து வந்த அன்னைக்கு இருந்த மாதிரியே மெஷின் திரும்பி வரும். 2000-களில் பல கம்பெனிகள் அந்த சிடியையும் நிறுத்திட்டு, ஹார்ட் டிஸ்க்கிலேயே ஒரு பகுதியை ஒதுக்கி, மறைச்சு, அதுக்குள்ள ஒரிஜினலை வெச்சாங்க. ஆன் பண்ணும்போது ஒரு ஃபங்ஷன் கீயை அழுத்தினா போதும்.

வசதிதான். ஆனா பீரோ சாவியை பீரோவுக்குள்ளேயே வெச்சுப் பூட்டின மாதிரி. ஹார்ட் டிஸ்க் போச்சுன்னா ஒரிஜினலும் சேர்ந்து போச்சு. அதனாலதான் புது மெஷினை முதல் தடவை ஆன் பண்ணினதுமே "ரிகவரி டிஸ்க் எரிச்சு வெச்சுக்கோங்க"ன்னு ஒரு விண்டோ வரும். நம்மள்ல எத்தனை பேர் எரிச்சோம்?

2011-ல் ஆப்பிள், மேக்குகளை இன்டர்நெட்டில் இருந்தே மீட்கும் வசதியைக் கொண்டு வந்தது. 2012-ல் விண்டோஸ் 8, "ரீசெட்" என்கிற பட்டனை செட்டிங்ஸுக்குள்ளேயே வெச்சது. 2015-ல் வந்த விண்டோஸ் 10 இன்னொரு படி போனது: தனி ஒரிஜினல் காப்பியே வேண்டாம், ஓடிக்கிட்டிருக்கிற சிஸ்டத்தோட ஃபைல்களை வெச்சே புது சிஸ்டத்தைக் கட்டிக்கலாம். 2020-ல் மைக்ரோசாஃப்ட் சர்வரில் இருந்து டவுன்லோட் பண்ணியும் ரீசெட் பண்ணலாம்னு ஆச்சு. கவனிங்க: ஒரிஜினல் முதல்ல சிப்ல இருந்தது, அப்புறம் நம்ம டிராயர்ல, அப்புறம் டிஸ்க்கோட மூலையில, இப்போ வேற யாரோட சர்வர்லயோ. திரும்பி வர்றதும் ஃபேக்டரியில இருந்து கிளம்பின அதே சிஸ்டம் இல்லை, அப்டேட் ஆன சிஸ்டம். பேர்ல மட்டும்தான் ஃபேக்டரி.

இது புதுசாக்குற கதை. அழிக்கிற கதை என்னாச்சு?

ரொம்ப காலம் அதை யாரும் பெருசா கண்டுக்கல. ஒரு ஃபைலை டெலீட் பண்ணினாலும், டிஸ்க்கை குயிக் ஃபார்மட் பண்ணினாலும், போறது பொருளடக்கம் மட்டும்தான். பக்கங்கள் அப்படியே இருக்கும், மேல வேற எதையாவது எழுதுற வரைக்கும். ஹார்ட் டிஸ்க்கை முழுசா ஃபார்மட் பண்ணும்போது உண்மையிலேயே எல்லா இடத்திலயும் பூஜ்ஜியத்தை எழுதுற பழக்கம் விண்டோஸுக்கு வந்ததே விஸ்டாவில்தான்.

எம்ஐடி-யில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபின்கலும் அபி ஷெலாட்டும் 2003-ல் ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. பழைய ஹார்ட் டிஸ்க்குகள் 158 வாங்கினாங்க. அதில் வேலை செஞ்சது 129. அந்த 129-ல் ஒழுங்கா அழிக்கப்பட்டிருந்தது வெறும் 12. மத்ததுல கிரெடிட் கார்டு நம்பர்கள், மருத்துவ விவரங்கள், சொந்தக் கடிதங்கள். ஒரு டிஸ்க் ஏடிஎம் மெஷின்ல இருந்து வந்ததாத் தெரிஞ்சது. வித்தவங்கள்ல நிறைய பேர் அழிச்சுட்டோம்னுதான் நம்பியிருப்பாங்க.

எஸ்எஸ்டி வந்ததும் விஷயம் இன்னும் சிக்கலாச்சு. நீங்க மேல எழுதச் சொன்னா, உள்ள இருக்கிற கன்ட்ரோலர் அதை வேற இடத்துல எழுதலாம். இதுக்கு நல்ல விடை, முதல்லேயே எல்லாத்தையும் என்க்ரிப்ட் பண்ணி வெச்சுட்டு, கடைசியில சாவியை மட்டும் அழிக்கிறது. பூட்டு இருக்கும், திறக்க ஆள் இருக்காது. 2021-ல் புது மேக்குகளுக்கு வந்த "எல்லாத்தையும் அழி" ஆப்ஷன் சில நிமிஷத்துல முடியுறதுக்குக் காரணம் இதுதான்.

சரி, அப்பாவோட டெஸ்க்டாப். விண்டோஸ் 10, பழைய ஹார்ட் டிஸ்க். ரீசெட் அழுத்துறதுக்கு முன்னாடி சும்மா டி டிரைவைத் திறந்தேன். ஆதார் ஸ்கேன், பான் கார்டு, பாஸ்புக் பக்கங்கள், பி.எஃப். பேப்பர். எல்லாம் சி டிரைவ்ல இல்ல, டி-யில. ரீசெட் பண்ணும்போது விண்டோஸ் இருக்கிற டிரைவ் மட்டுமா, எல்லா டிரைவுமான்னு ஒரு கேள்வி இருக்கு. அதைப் பார்க்காம நான் அழுத்தியிருந்தா, பளபளன்னு புது விண்டோஸ் வந்திருக்கும். அப்பாவோட மொத்த ஜாதகமும் அடுத்தவர் வீட்டுக்குப் போயிருக்கும்.

அதே டிரைவ்ல "நியூ ஃபோல்டர் 3"-னு ஒண்ணு. உள்ள தாத்தாவோட கடைசிப் பொங்கல் போட்டோக்கள். வேற எங்கயும் காப்பி இல்லை.

போட்டோக்களை ரெண்டு இடத்துல காப்பி பண்ணினேன். அப்புறம் எல்லா டிரைவையும் தேர்ந்தெடுத்து, "டிரைவை முழுசா க்ளீன் பண்ணு"ங்கிறதையும் போட்டுவிட்டேன். ராத்திரி முழுக்க ஓடுச்சு. காலையில அப்பா வந்து பார்த்துட்டு, "ஒரு பட்டன்தானே, இதுக்கா இவ்ளோ நேரம்?"னு கேட்டார். போட்டோவைக் காட்டினேன். காபி ஆறுற வரைக்கும் பார்த்துட்டே உக்காந்திருந்தார்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.