மதமே, விடை சொல்!
எந்த மதம் உமக்குப் பொருந்தும் என்பதை 20 வினாக்களால் கணித்துரைக்க முன்வந்தது பிலீஃப்நெட் என்னும் அமெரிக்க இணையத்தளம். கடவுள் உண்டா, மறுமை உண்டா என்று மனிதனைத்தான் குடைந்தது. மதத்தை நோக்கி வினா எதுவும் இல்லை!

அண்ணல் அம்பேத்கரோ மதங்களையே தேர்வுக்கூடத்தில் நிறுத்தினார். இந்துவாகச் சாகமாட்டேன் என 1935இல் யேவலா மாநாட்டில் முழங்கியவர், 1950இல் மகாபோதி இதழில் வினாத்தாளையே வகுத்தளித்தார்: அறிவியலுக்கு ஒத்துவருமா? சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றையும் ஏற்குமா? வறுமையைப் புனிதமென்று போற்றாதிருக்குமா? 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். இடைப்பட்ட காலம் 21 ஆண்டுகள்!

பொருத்தம் பார்ப்பது சோதிடன் தொழில், தோழர்களே! நாம் கேட்கவேண்டியது ஒன்றே: நம் அயலானை மனிதனாக மதிக்குமா? இதற்கு விடையளிக்காத மதத்துக்கு நாம் தரும் மதிப்பெண் சுழியமே!