வீட்டுக்கொரு துவக்கு: எங்கட நாட்டில் அதன் கதை



ஊரில் களவுகள் கூடியதிலிருந்து தேநீர்க் கடையிலும் பள்ளி வாசலிலும் ஒரு கதை அடிபடுகிறது. "வீட்டுக்கு ஒரு துவக்கு இருந்தா ஒருத்தனும் வரமாட்டான்." எந்தத் துவக்கு நல்லது, ஒற்றைக்குழலா இரட்டைக்குழலா, பிஸ்டலுக்கு லைசன் எடுக்கலாமா என்று தம்பிமார் எங்களிடமே கேட்கிறார்கள். வரலாறு படிப்பிக்கிறவர்களிடம் கேட்டால் வரலாறுதானே வரும். கொஞ்சம் நீளம், பொறுத்து வாசியுங்கள்.

துவக்கு என்ற சொல் துருக்கி மொழியின் 'துஃபெக்' என்பதோடு உறவுள்ளது. சிங்களத்திலும் அதே 'துவக்குவ' தான். 1505இல் போர்த்துக்கேயர் வந்தபோது இந்தத் தீவார் வெடிச்சத்தத்தைக் கேட்டு அசந்துபோனதைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அசந்து நின்றது கொஞ்சக் காலம்தான். சில தலைமுறைக்குள் இங்குள்ள கொல்லர்கள் செய்த துவக்குகளை ஐரோப்பியரே புகழ்ந்து எழுதும் நிலை வந்தது. கண்டி அரண்மனையில் வெள்ளி வேலைப்பாட்டோடு சேர்த்து வைத்திருந்தவற்றை 1765இல் ஒல்லாந்தர் கொள்ளையடித்தார்கள். அந்தக் கொள்ளையில் போன லெவ்கே திசாவையின் சிறு பீரங்கி, வாள்கள் இரண்டு, கத்தி, பெரிய துவக்குகள் இரண்டு என ஆறு பொருட்கள் 2023 டிசம்பரில்தான் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கொழும்புக்குத் திரும்பி வந்தன. 258 வருடம்! ராசாவின் சேகரிப்புக்கே அந்தக் கதி.

இனி சாதாரண வீட்டுத் துவக்குக்கு வருவோம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருக்கக்கூடாது என்று இன்றும் சொல்வது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதற்கு முந்திய வருடம், 1915இல், கண்டியில் தொடங்கி எங்கள் சமூகத்தின் கடைகள் ஆயிரக்கணக்கில் சூறையாடப்பட்டன, பள்ளிகள் எரிக்கப்பட்டன. கூட்டம் கூட்டமாக வந்தவர்களை நிறுத்தியது கடை முதலாளிமாரின் துவக்கு அல்ல. ஜூன் 2ஆம் திகதி போட்ட இராணுவச் சட்டமும், அதை அமுல்படுத்திய படையும்தான். அந்தப் படை செய்த அநியாயம் வேறு. பெத்ரிஸ் என்ற சிங்கள இளைஞரைச் சுட்டுக் கொன்றது அந்தக் கணக்கில் வரும்.

கிழக்கில் லைசன் துவக்கு என்றால் போடியார் வீட்டுத் துவக்கு, விதானையார் வீட்டுத் துவக்கு. காரணம் திருடன் அல்ல, வேளாண்மை. பன்றியும் யானையும் குடலைப் பயிரை மிதித்தால் ஒரு போகம் போச்சு. வந்தது பெரும்பாலும் பன்னிரண்டு போர். பலர் பன்னிரண்டு என்பது குழலின் அளவை அங்குலத்திலோ மில்லிமீற்றரிலோ சொல்வது என்று நினைக்கிறார்கள். இல்லை. ஒரு இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் அதில் ஓர் உருண்டை சரியாக நுழையும் குழல், அதுதான் பன்னிரண்டு போர். தோட்டாவுக்குள் இருப்பது ஒரு ரவை அல்ல, பல சன்னங்கள். பன்றிக்கு எஸ்.ஜி., பறவைக்கு நம்பர் கூடிய சிறு சன்னம். சுட்டதும் சன்னங்கள் விரிந்து போகும், நாற்பது யாருக்கு மேல் பெரிதாக நம்ப முடியாது. வரம்பில் நிற்கிற பன்றிக்கு இது போதும். உம்மாவும் பிள்ளைகளும் படுத்திருக்கிற இரண்டு அறை வீட்டுக்குள், இருட்டில், விரிகிற சன்னம் யாரில் படும் என்று கேட்கிற தம்பிமார்தான் சொல்லவேண்டும்.

இனி நாங்கள் சொல்ல வந்த விசயம். லைசன் துவக்கை ஒளித்து வைக்க முடியாது. கச்சேரிப் புத்தகத்தில் பெயர் இருக்கும், ஊருக்கே தெரியும். 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. இளைஞர்கள் பொலிஸ் நிலையங்களைத் தாக்கியபோது அவர்கள் கையில் இருந்தவற்றில் கிராமத்து வீடுகளில் பறித்த வேட்டைத் துவக்குகளும் இருந்தன. 1987 தொடக்கம் 89 வரை தெற்கில் திரும்பவும் இரவில் கதவு தட்டப்பட்டது. வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் இயக்கங்களின் ஆரம்ப நாட்களிலும் இதே கதைதான். திருடனைத் துரத்த வைத்திருந்த பொருளைத் தேடியே ஆயுதக்காரர் வீட்டுக்கு வந்தார்கள். கொடுத்தவருக்குப் பிறகு பொலிஸில் விசாரணை, கொடுக்காதவருக்கு உயிருக்கே ஆபத்து.

"1990ஐ மறந்துபோனீங்களா?" என்று கேட்பீர்கள். மறக்க ஏலுமா? ஜூன் 11இல் கிழக்கின் பொலிஸ் நிலையங்கள் புலிகளிடம் சரணடைந்தன, சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை இஷா நேரம், காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுசைனியாப் பள்ளியிலும் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் ஷஹீதானார்கள். அவர்கள் வீட்டில் துவக்கு இருந்திருந்தால் அது வீட்டிலேயே இருந்திருக்கும். ஏறாவூரில் ஒரு கிழமை கழித்து வீடு வீடாகவே வந்தார்கள். அங்கே துவக்கு உதவியிருக்குமா என்ற கேள்வி நியாயமானது. அந்தக் கேள்விக்கு அரசு கொடுத்த பதில் முஸ்லிம் ஊர்களின் ஊர்காவல் படை. தோளில் ஒரு துவக்கோடு எல்லை வீதியில் விடிய விடிய நின்ற எங்கள் ஊர் ஆட்களை நாங்கள் குறைத்துப் பேசமாட்டோம். அவர்கள் நின்றதால்தான் எத்தனையோ வீடுகள் தூங்கின. ஆனால் எதிரில் வந்தவர் கையில் ரி-56. நாற்பது யார் துவக்கு அதற்கு எம்மட்டு? 1992 ஒக்டோபரில் பொலன்னறுவை மாவட்டத்தின் பள்ளியகொடல்லையில் ஊர்காவல் படையும் இருந்தது, பக்கத்தில் பொலிஸும் இராணுவமும் இருந்தன. அப்படியிருந்தும் நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள்.

அதே வருடம் ஏப்ரல் 29ஐயும் சொல்லியாக வேண்டும். அழிஞ்சிப்பொத்தானையில் ஐம்பதுக்கு மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் கொன்றார்கள். அதே நாளில், அடுத்திருந்த முத்துக்கல், கரப்பொல தமிழ்க் கிராமங்களுக்குள் ஊர்காவல் படையினர் புகுந்தார்கள். கிட்டத்தட்ட அதேயளவு தமிழர் இறந்தார்கள், பெண்கள், பிள்ளைகள் உட்பட. ஊரைக் காக்கவென்று கொடுத்த ஆயுதம் அது. இதை எங்கள் மேடைகளில் பேசுவதில்லை. முதல் பாதியை ஒவ்வொரு வருடமும் நினைவுகூருகிறோம், இரண்டாம் பாதியைத் தமிழ் ஆசிரியர்களின் வாயால்தான் எங்கள் பிள்ளைகள் கேட்கிறார்கள். அது நல்லதல்ல என்பது எங்கள் கருத்து. கோபப்படுகிறவர்கள் கோபப்படலாம்.

யுத்தம் முடியுமுன்பே, 2006இல், ஊர்காவல் படை சிவில் பாதுகாப்புத் திணைக்களமாக மாறியது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வாளும் பெரிய கத்தியும் ஒப்படைக்கும்படி பொலிஸ் அறிவித்தபோது, தேங்காய் வெட்டுகிற கத்தியைக்கூட என்ன செய்வதென்று தெரியாமல் எங்கள் உம்மாமார் பயந்தார்கள். அந்த மே மாதம் மினுவாங்கொடையிலும் குளியாப்பிட்டியிலும் கடைகள் எரிந்தன. இந்தச் சூழலில் ஒரு முஸ்லிம் வீட்டில் துவக்கு இருக்கிறது என்ற செய்தி பத்திரிகையில் எப்படி வரும் என்று நாங்கள் விளக்கத் தேவையில்லை.

கடைசியாக லைசன் கேட்ட தம்பிமாருக்கு. தற்காப்புக்கென்று பாதுகாப்பு அமைச்சு கொடுத்திருந்த துவக்குகளையே 2024 நவம்பரில் மீளாய்வுக்காகத் திரும்பக் கேட்டார்கள். வசதியும் செல்வாக்கும் உள்ளவர்களே வெலிசறைக் கடற்படை முகாமுக்குக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டி வந்தது. வயலுக்கான துவக்கு வேறு வழி. காணி உள்ளவர்கள் கச்சேரியில் விசாரிக்கலாம், வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். களவுக்கு, இரவு ரோந்துக் குழு ஒன்றை மகல்லாவில் அமைப்பது பற்றி வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நிருவாகசபையோடு கதைக்கிறோம். பக்கத்துத் தமிழ்க் கிராமத்திலும் மாடும் மோட்டார் சைக்கிளும் களவு போகின்றன. அவர்களையும் கூப்பிடச் சொல்லிக் கேட்கப் போகிறோம். வரக்கூடியவர்கள் வாங்கோ.