பிரெஞ்சுப் பாடமும் உயர்கல்வி நிதியும்: புதுச்சேரியில் தலித் மாணவர் நிலை

அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டி, மீன்பிடித் துறைமுகமும் அலையாத்திக் காடும் சூழ அமைந்த பகுதி தேங்காய்த்திட்டு. சுற்றுலா ஏடுகள் வியந்தெழுதும் பிரெஞ்சு வீதிகள் இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளன. இப்பகுதியில் நாங்கள் நடத்தும் சட்ட உதவி அமர்வுகளில், கல்வியாண்டு தொடங்கும் காலத்தில் பெற்றோர் கேட்கும் கேள்விகளில் இரண்டு திரும்பத் திரும்ப வருகின்றன. பிள்ளை பள்ளியில் பிரெஞ்சு எடுத்துப் படித்தால் பிரான்சில் மேற்படிப்புக்கு வழி பிறக்குமா? அதற்கான பணத்தை அரசு தருமா?

இவ்விரு கேள்விகளையும் தனித்தனியே பார்த்தால் சரியான விடை கிடைக்காது. ஒரு மொழியைக் கற்கும் வாய்ப்பும், அம்மொழியைக் கொண்டு மேலே செல்வதற்கான நிதியும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை மறுத்தால் இரண்டையும் மறுத்ததாகவே ஆகும். இக்கட்டுரை புதுச்சேரியில் இவை எவ்வாறு இயங்குகின்றன என்பதையும், பட்டியல் சாதி மாணவருக்குச் சட்டம் தரும் உரிமைகள் எவை என்பதையும் தொகுத்துத் தருகிறது.

மொழித் தேர்வில் சாதி

பள்ளியில் எந்த மொழியைப் படிப்பது என்பது மாணவரின் விருப்பம் சார்ந்தது என்று சொல்லப்படுகிறது. நம் வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. அண்ணல் அம்பேத்கர் பள்ளி நாட்களில் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டாமையின் காரணமாக அது மறுக்கப்பட்டு, பாரசீகத்தை இரண்டாம் மொழியாக ஏற்க நேர்ந்தது. 1913-இல் பரோடா அரசின் உதவித்தொகை கிடைத்த பிறகே அவர் கொலம்பியா பல்கலைக்கழகம் செல்ல முடிந்தது. மாதம் பதினொன்றரைப் பவுண்டு, மூன்றாண்டு காலம் என்பது அந்த உதவியின் அளவு. மொழி மறுப்பையும் நிதியின் ஆற்றலையும் ஒருசேர அனுபவித்தவர் என்பதால்தான், 1942-இல் வைஸ்ராய் லின்லித்கோவிடம் அளித்த மனுவில் பட்டியல் சாதி மாணவரின் உயர்கல்விக்கும் வெளிநாட்டுக் கல்விக்கும் அரசு நிதி ஒதுக்க வேண்டுமென்று வலியுறுத்தினார். 1944-இல் தொடங்கி இன்றுவரை தொடரும் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகைத் திட்டம் அம்முயற்சியின் விளைவு.

பிரெஞ்சு ஆட்சியும் சாதியும்

சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் முழக்கத்தின் நாடு ஆண்டதால் புதுச்சேரியில் சாதி தளர்ந்திருந்தது என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஆனால் 1819 ஜனவரி 6 அன்று பிறப்பிக்கப்பட்ட ஆணை, இந்தியர்களை அவரவர் சாதியின் சட்டங்கள், வழக்கங்களின்படியே விசாரிக்க வேண்டும் என்று விதித்தது. அதாவது, காலனிய அரசு சாதி வழக்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வழங்கியது.

1881 செப்டம்பர் 21 ஆணை ஒரு மாற்று வழியைத் திறந்தது. தம் சாதி, மதம் சார்ந்த தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்பதாக அறிவித்தவர்கள் 'ரெனோன்சான்' எனப்பட்டனர். அவர்கள் புதிய குடும்பப் பெயரையும் ஏற்றனர். சாதி வழக்கத்தின் பிடியிலிருந்து சட்டப்படி வெளியேற ஒடுக்கப்பட்ட மக்களில் பலர் இவ்வழியைப் பயன்படுத்தினர். பிரெஞ்சு மொழி அவர்களுக்கு இந்தோசீனா உள்ளிட்ட குடியேற்ற நாடுகளில் ராணுவப் பணியையும் நிர்வாகப் பணியையும் பெற்றுத் தந்தது. ஆகவே தலித் மக்களைப் பொறுத்தவரை இம்மொழி ஆதிக்கத்தின் மொழியாக இருந்தபோதே வெளியேறும் வாயிலாகவும் இருந்தது. இந்த இரட்டைத் தன்மையை நாம் மறக்கலாகாது.

1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாக நீடிக்கும் என அதன் 28-ஆம் பிரிவு கூறியது. பின்னர் 1965-இல் இயற்றப்பட்ட ஆட்சிமொழிச் சட்டம் தமிழுக்கு அவ்விடத்தை அளித்தது. அதே ஒப்பந்தம், பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைக்க விரும்பியவர்களுக்கு எழுத்துமூலம் அறிவிக்க ஆறு மாத அவகாசம் தந்தது.

அந்த ஆறு மாதங்களின் விளைவு இன்றும் தொடர்கிறது. ஒரே தெருவைச் சேர்ந்த இரு குடும்பங்களில் ஒன்று அன்று பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தது, மற்றொன்று இந்தியக் குடியுரிமைக்குள் வந்தது என்று கொள்வோம். முதல் குடும்பத்தின் பேரக்குழந்தை 1826-இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு லிசேயில் பயில, குடும்ப வருமானத்தைப் பொறுத்துப் பிரெஞ்சு அரசே கல்வி உதவி வழங்கும். இரண்டாம் குடும்பத்தின் குழந்தைக்கு அவ்வுதவி இல்லை. உயர்கல்வியிலும் இவ்வேறுபாடு நீள்கிறது. 2019-இல் பிரான்ஸ் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வரும் மாணவருக்குக் கட்டணத்தை உயர்த்தியது. பிரெஞ்சு மாணவர் இளநிலைப் படிப்புக்கு ஆண்டுக்கு 170 யூரோவும் முதுநிலைக்கு 243 யூரோவும் செலுத்திய அப்போது, இந்திய மாணவருக்கு முறையே 2,770 யூரோ, 3,770 யூரோ என நிர்ணயிக்கப்பட்டது. விலக்களிக்கும் அதிகாரத்தைப் பல பல்கலைக்கழகங்கள் பயன்படுத்துகின்றன என்பது உண்மை. ஆனால் விலக்கு ஒரு சலுகை, உரிமையன்று.

பள்ளியில் பிரெஞ்சு யாருக்கு?

புதுச்சேரிக்கெனத் தனிப் பள்ளிக் கல்வி வாரியம் இல்லை. புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் அரசுப் பள்ளிகள் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றின. அண்மை ஆண்டுகளில் அவை சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாற்றப்பட்டுள்ளன.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் மேல்நிலைக் கல்வியில், முதல் பகுதி மொழியாகத் தமிழுக்குப் பதில் பிரெஞ்சைத் தேர்வு செய்ய இடமுண்டு. தனியார் பள்ளிகளில் பலர் அதைத் தேர்வு செய்வது மொழி ஆர்வத்தால் அன்று. தொடக்க நிலையிலிருந்து கற்பிக்கப்படும் பாடமாதலால் அதில் அதிக மதிப்பெண் பெறுவது எளிது என்பதே காரணம். தமிழில் இலக்கியமும் இலக்கணமும் எழுதித் தேற வேண்டிய அரசுப் பள்ளி மாணவரும், பிரெஞ்சில் அடிப்படை உரையாடலும் எளிய மொழிபெயர்ப்பும் எழுதும் தனியார் பள்ளி மாணவரும் ஒரே மதிப்பெண் பட்டியலில் நிறுத்தப்படுகின்றனர். மொழிப்பாடத்தையும் சேர்த்து மொத்த மதிப்பெண் கணக்கிடப்படும் இடங்களிலெல்லாம் இது சமமற்ற போட்டியாகிறது.

2020 தேசியக் கல்விக் கொள்கை, இடைநிலைக் கல்வியில் கற்பிக்கத்தக்க அயல்மொழிகளாகக் கொரியம், ஜப்பானியம், தாய், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், போர்த்துகீசியம், ரஷ்யம் ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. ஆனால் மும்மொழித் திட்டத்தில் இரண்டு இந்திய மொழிகள் கட்டாயம் என்றும் அதே கொள்கை கூறுகிறது. ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கணக்கில் கொண்டால், தமிழும் வேறோர் இந்திய மொழியும் போக, பிரெஞ்சுக்கு மூன்றுக்குள் இடம் இருக்காது. கூடுதல் பாடமாக அதை வைத்துக்கொள்ள ஆசிரியரும் கட்டணமும் வேண்டும். அவ்வசதி உள்ள தனியார் பள்ளியில் பிரெஞ்சு நீடிக்கும். அரசுப் பள்ளியில் அது காகிதத்தில் மட்டுமே இருக்கும் என்பதே எங்கள் அச்சம்.

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை: கிடைப்பதும் கிடைக்காததும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் பட்டியல் சாதியினர் 1,96,325 பேர். மொத்த மக்கள்தொகையில் இது 15.7 விழுக்காடு. பத்தாம் வகுப்புக்கு மேல் பயிலும் இச்சமூக மாணவருக்கு முதன்மையான நிதி ஆதாரம் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையே. குடும்ப ஆண்டு வருமான உச்சவரம்பு 2.5 லட்சம் ரூபாய். 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை இத்திட்டத்துக்கு ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. மாநிலங்களுடனான செலவுப் பகிர்வு பொதுவாக 60:40 என்றானது. ஒன்றிய அரசின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வருகிறது.

இதில் மாணவர் அறிந்திருக்க வேண்டியவை சில.

முதலாவது, திரும்பப் பெறவியலாத கட்டாயக் கட்டணங்களும் ஆண்டுப் படித்தொகையும் இத்திட்டத்தில் அடங்கும். படித்தொகை படிப்பின் பிரிவைப் பொறுத்தது. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பில் வீட்டிலிருந்து பயில்பவருக்கு அது ஆண்டுக்கு 2,500 ரூபாய்.

இரண்டாவது, கட்டணத்தை முன்கூட்டிச் செலுத்தாமல் சேர்க்கை பெறுவதற்கு 'ஃப்ரீஷிப் அட்டை' என்னும் ஏற்பாடு திட்ட நெறிமுறைகளிலேயே உள்ளது. சேர்க்கையின்போது முழுக் கட்டணத்தையும் கேட்கும் கல்லூரியிடம் இதைச் சுட்டிக்காட்டலாம். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைப்பதை 2018-இலேயே பல்கலைக்கழக மானியக் குழு தடை செய்துள்ளது.

மூன்றாவது, அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் பயிலும் முறையான படிப்புக்கே இத்தொகை பொருந்தும். மாலை நேர மொழி வகுப்புக்கோ, டெல்ஃப் போன்ற பிரெஞ்சுத் தேர்வுகளின் கட்டணத்துக்கோ இதில் இடமில்லை. பிரெஞ்சு வழியில் கற்பிக்கும் பிரான்ஸ் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் பி-2 நிலைத் தேர்ச்சியைக் கேட்கின்றன. அந்நிலையை எட்டப் பள்ளிப் பாடம் மட்டும் போதாது. அலியான்ஸ் பிரான்சேஸ் 1889 முதல் இந்நகரில் இயங்கி வருகிறது. ஆனால் கட்டணம் செலுத்த முடிந்தவருக்கே அத்தகைய வகுப்பறைகள் திறந்திருக்கின்றன.

வெளிநாட்டுக் கல்வி: குறுகிய வாயில்

ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் மட்டும் உரியது, இளநிலைக்கு இல்லை. ஆண்டுக்கு 125 இடங்களில் 115 பட்டியல் சாதியினருக்கு உரியவை. குடும்ப வருமானம் 8 லட்சம் ரூபாய்க்கு மிகாமலும் வயது 35-க்கு மிகாமலும் இருக்க வேண்டும். உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் உள்ள நிறுவனத்தில் சேர்க்கை பெற்றிருக்க வேண்டும். 2022-இல் கொண்டுவந்த திருத்தம், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் ஆகியவை குறித்த ஆய்வுகளை இதிலிருந்து நீக்கிவிட்டது. சாதியைப் பற்றி வெளிநாட்டில் ஆராய விரும்பும் தலித் மாணவருக்கு இதன் பொருள் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

2025 ஜூலையில் தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டுமே முதலில் தற்காலிக ஆணை வழங்கப்பட்டது. மற்றவர்களுக்கு நிதி இருப்பைப் பொறுத்தே ஆணை என்று சொல்லப்பட்டது. சேர்க்கைக் கெடுவும் விசாக் கெடுவும் நிதித்துறைக்காகக் காத்திருப்பதில்லை.

தமிழ்நாட்டு அரசு தன் மாநில ஆதிதிராவிட, பழங்குடி மாணவருக்கு அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டத்தின் கீழ் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. புதுச்சேரியில் வசிப்பவர் அதற்கு விண்ணப்பிக்க இயலாது. 2030-க்குள் 30,000 இந்திய மாணவரை வரவேற்பதாகப் பிரான்ஸ் அறிவித்துள்ளது. பிரெஞ்சு அறியாதவர் முதலில் ஓராண்டு மொழி பயின்று பின் பட்டப்படிப்பில் சேரும் வகுப்புகளும் அறிவிக்கப்பட்டுள்ளன. அந்த ஓராண்டுச் செலவை ஏற்க யார் இருக்கிறார்கள் என்பதே நம் கேள்வி.

சான்றிதழ் என்னும் முதல் தடை

இவ்வனைத்துக்கும் முன்னதாக நிற்பது சாதிச் சான்றிதழ். 1964-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, புதுச்சேரியில் 'வசிக்கும்' பட்டியல் சாதியினர் என்றே குறிப்பிடுகிறது. ஆனால் 'பூர்வீகம்' என்னும் சொல்லை நலத்திட்ட நிபந்தனைக்குள் கொண்டுவந்து அரசு பலரை விலக்கியது. 2014-இல் புதுச்சேரி பட்டியல் சாதி மக்கள் நலச் சங்கம் தொடர்ந்த வழக்கில், 'வசிப்பவர்' என்பதைப் 'பூர்வீகத்தார்' என்று நிர்வாக ஆணை வழியே மாற்ற முடியாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 341-ஆவது பிரிவின்படி அப்பட்டியலில் கைவைக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உண்டு.

மதம் மற்றொரு தடை. இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவரை மட்டுமே ஆணை ஏற்கிறது. 2024 நவம்பர் 26 அன்று, புதுச்சேரியிலிருந்து சென்ற ஒரு வழக்கில், கிறிஸ்தவ நம்பிக்கையைக் கடைப்பிடிப்பவர் வேலைவாய்ப்புக்காக மட்டும் இந்து என உரிமை கோர இயலாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. கத்தோலிக்கச் சபையின் வேர் ஆழமாக உள்ள இந்நகரில், தேவாலயப் பதிவேடு பல தலித் குடும்பங்களுக்கு எதிரான ஆவணமாகவும் மாறக்கூடும். மதம் மாறிய பின்னும் தீண்டாமை மாறவில்லை என்ற உண்மை இன்னும் சட்டத்துக்குள் நுழையவில்லை.

நாம் கோருவது

அரசுப் பள்ளிகளில் பிரெஞ்சைக் கட்டணமின்றி, போதிய ஆசிரியருடன், விரும்பும் மாணவருக்கு வழங்க வேண்டும். அது தமிழுக்கு மாற்றாக அன்றி, தமிழுடன் சேர்த்துக் கற்பிக்கப்பட வேண்டும். பட்டியல் சாதி மாணவரின் மொழித் தேர்வுக் கட்டணத்தை ஆதிதிராவிடர் நலத்துறை ஏற்க வேண்டும். தமிழ்நாட்டுத் திட்டத்துக்கு நிகரான அயல்நாட்டுக் கல்வித் திட்டம் புதுச்சேரிக்கும் வேண்டும். மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளி மாணவருக்கு 10 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை 2023-இல் கொண்டுவர முடிந்த அரசுக்கு, இவையும் முடியாதவை அல்ல.

பெற்றோர் உடனே செய்யக்கூடியவையும் உண்டு. வருமான, சாதி, வசிப்பிடச் சான்றுகளைப் பத்தாம் வகுப்பு முடியும் முன்பே பெற்றுவிடுங்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிடில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுச் செய்யுங்கள். 30 நாட்களில் பதில் தரப்பட வேண்டும். அதன் பின்னும் தீர்வு இல்லையெனில், 338-ஆவது பிரிவின் கீழ் அமைந்த தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையத்தை அணுகலாம். விசாரணையில் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்கள் அதற்கு உண்டு.

தேங்காய்த்திட்டுப் பெற்றோரின் கேள்விக்கு எங்கள் விடை இதுதான்: பிரெஞ்சு படிக்கலாம், வழி உண்டு, ஆனால் அவ்வழியில் பாதித் தொலைவுக்கு மேல் அரசின் பணம் இன்று உடன்வருவதில்லை. மீதித் தொலைவுக்கும் அதை வரவைப்பது நம் போராட்டத்தின் பணி.