இரும்புக்கையும் மின்சாரமும்: சேலம் சமவெளியிலிருந்து ஒரு சித்திரக்கதையின் மருத்துவம்

தமிழ்ச் சித்திரக்கதைகளில் மருத்துவம் எந்த அளவுக்கு மெய்யாகக் காட்டப்பட்டது என்று ஆராய்வோர் முதலில் கருத வேண்டிய பாத்திரம் இரும்புக்கை மாயாவி. பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில் 1962இல் கென் புல்மர் எழுத, ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த இக்கதையை, சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸ் 1972இல் தன் முதல் இதழாகத் தமிழில் வெளியிட்டது. ஆய்வக விபத்தில் வலக்கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்ட நாயகன், மின்சாரம் பாய்ந்ததும் அந்தக் கை மட்டும் தெரிய உடல் மறைந்துவிடுகிறான். மின்சாரத்தின் வீரியம் தணிந்ததும் உருவம் மீள்கிறது.

1997 வரை ஒரே மாவட்டமாயிருந்த சேலம், நாமக்கல் சமவெளியில் மின்சாரம் அன்று மாயப்பொருளாக இல்லை. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் அடியில் 1937 முதல் மின்னுற்பத்தி நடந்துவந்தது. விடுதலைக்குப் பின் கிணற்று மேட்டுப் பம்புசெட்டுகளும், பின்னர் பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளின் விசைத்தறிகளும் அதைக் கையால் தொட்டுப் புழங்கும் பொருளாக்கின. மண்டையோடு வரைந்த அபாயத் தகடு தொங்கும் கம்பத்தின் அருகே வாழ்ந்தவர்களுக்கு 'ஷாக் அடிப்பது' என்றால் என்னவென்று தெரியும்.

உடலில் நிகழ்வது கதைக்கு நேர்மாறானது. ஈரக்கையோடு மோட்டார் சுவிட்சைத் தொடும்போது, நனைந்த தோலின் மின்தடை குறைந்துவிடுவதால் மின்னோட்டம் எளிதில் உள்ளே பாய்கிறது. அது 10 முதல் 20 மில்லியாம்பியரை எட்டினாலே (மில்லியாம்பியர் என்பது ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) முன்கைத் தசைகள் இறுகிவிடுகின்றன. விரல்களை மடக்கும் தசைகள் நீட்டும் தசைகளைவிட வலுவானவை என்பதால், பிடித்த கம்பியை விட முடியாமல் கை பூட்டிக்கொள்கிறது. ஏறத்தாழ 100 மில்லியாம்பியர் நெஞ்சு வழியே சென்றால், இதயக் கீழறைகள் ஒழுங்கின்றித் துடிதுடித்து இரத்தத்தை வெளியேற்றும் ஆற்றலை இழக்கின்றன. மின்கம்பிப் பணியாளர் இவ்வாறு இறந்ததைக் கண்ட அமெரிக்க மின் நிறுவனங்களின் தூண்டுதலால் தொடங்கிய ஆய்வே, பொறியாளர் வில்லியம் கூவன்ஹோவனும் அவருடைய மருத்துவத் தோழர்களும் 1960இல் வெளியிட்ட மார்பழுத்த முறைக்கு, அதாவது நின்ற இதயத்துக்காக நெஞ்செலும்பை வெளியிலிருந்து விட்டுவிட்டு அழுத்தும் முதலுதவிக்கு, வழிகோலியது.

இரும்புக்கை விஷயத்திலோ கதை உண்மையை ஒட்டியே நடந்தது. மணிக்கட்டை ஒட்டிக் கை போனாலும், விரல்களை இயக்கும் தசைகளில் பெரும்பாலானவை முன்கையிலேயே இருப்பதால், அவை சுருங்கும்போது எழும் நுண்ணிய மின்குறிப்பைத் தோலின் மேல் வைத்த மின்வாய்களால் பிடித்துச் செயற்கை விரல்களை மூடித் திறக்க முடியும். ஜெர்மானியர் ரெயின்ஹோல்ட் ரெய்ட்டர் 1940களிலும், சோவியத் அறிஞர் கோப்ரின்ஸ்கியின் குழு 1960ஐ ஒட்டியும் இத்தகைய கைகளைச் செய்து காட்டியிருந்தனர். எனினும் அவற்றின் பிடி மெதுவானது, கதைக் கையைப் போலப் பூட்டை நொறுக்கும் வலிமை அவற்றுக்கு இல்லை.

கை இழப்பதோ இச்சமவெளிக்கு வெறுங்கதை அன்று. பரமத்தி வேலூர் வட்டார ஆலைக்கொட்டகைகளில் வெல்லத்துக்காகக் கரும்பு பிழியும்போது, கரும்பை ஊட்டும் கை அதனோடு சேர்ந்து உருளைகளுக்குள் இழுபடும் அபாயம் எப்போதும் உண்டு. அத்தகைய காயத்துக்கு உரிய இரத்தப்போக்குத் தடுப்பு, டெட்டனஸ் தடுப்பூசி, எஞ்சிய கைத்தண்டு ஆறும் வாரங்கள், இல்லாத விரல்கள் வலிப்பதாகத் தோன்றும் மாய வலி ஆகிய எதற்கும் கதையில் கட்டம் ஒதுக்கப்படவில்லை. உடல் மறைவது கற்பனை என்று சிறுவரும் அறிவர். ஆனால் இழந்த கையின் இடத்தில் செயற்கைக் கை உடனே அமைந்துவிடும் என்ற எண்ணத்தைக் கற்பனையென்று எளிதில் கண்டுகொள்ள முடியாது. ஆதலால் இக்கதையின் பெரிய மருத்துவப் பிழை மின்சாரத்தில் இல்லை, கதை சொல்லாமல் விட்டுவிட்ட மாதங்களில் இருக்கிறது.