கணக்கில் விடுபட்ட பாதி

போன மாதம் பேத்தி பதினொன்றாம் வகுப்பு வேதியியல் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். "தாத்தா, சுண்ணாம்புக்கல்லைச் சுடுகிற வினைக்குத் திட்ட கட்டிலா ஆற்றல் மாற்றம் கண்டுபிடிக்கணும். உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சுக்காரர்கள் இதை 'ஆந்தால்பி லீப்ர்' என்பார்கள். பெயர்தான் வேறு, கணக்கு ஒன்றே. அரசாங்கத்தில் எழுத்தராக இருந்து ஆயுள் முழுக்கக் கூட்டிக் கழித்த கை, சும்மா இருக்குமா? பேப்பரை எடுத்தேன்.

வினை எளிது. சுண்ணாம்புக்கல்லோ கிளிஞ்சலோ, காளவாயில் சுட்டால் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும், கரியமில வாயு வெளியேறும். அட்டவணையில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு எண்கள் இருக்கும்: என்தால்பி, என்ட்ரோபி. விளைபொருள்களின் கூட்டுத்தொகையிலிருந்து வினைபொருளின் எண்ணைக் கழிக்க வேண்டும்.

முதலில் என்தால்பி, அதாவது வெப்பக் கணக்கு. சுட்ட சுண்ணாம்புக்கு மைனஸ் 635.1, வாயுவுக்கு மைனஸ் 393.5, சுண்ணாம்புக்கல்லுக்கு மைனஸ் 1206.9. கழித்தால் பிளஸ் 178.3 கிலோ ஜூல். ஒரு மோல் கல்லைப் பிரிக்க அவ்வளவு வெப்பம் உள்ளே போக வேண்டும்.

அடுத்து என்ட்ரோபி. ஆற்றல் எத்தனை விதமாகப் பரவி நிற்கலாம் என்பதன் அளவு அது. 39.8-ஐயும் 213.7-ஐயும் கூட்டி 92.9-ஐக் கழித்தால் 160.6 ஜூல். கல்லுக்குள் அடைபட்டிருந்தது வாயுவாக விடுபடுவதால் இது கூடுகிறது. இதைக் கெல்வின் வெப்பநிலையால் பெருக்கி, வெப்பக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். 25 டிகிரி என்றால் 298 கெல்வின். பெருக்கினால் 47.9 கிலோ ஜூல். 178.3-இல் 47.9 போக, பிளஸ் 130.4. விடை பிளஸ் என்றால், திட்ட நிலையில் வினை தானாக நடக்காது. நம் வீட்டுச் சுவரில் பூசிய சுண்ணாம்பு திரும்ப உதிர்ந்து வாயுவாகாமல் இருப்பது இதனால்தான்.

காளவாயில் மட்டும் எப்படி நடக்கிறது? வெப்பநிலை ஏற ஏற இரண்டாம் பாதி வளர்கிறது. 178.3-ஐயும் அந்த 160.6-ஐயும் சமமாக்கும் வெப்பநிலை சுமார் 1110 கெல்வின், அதாவது 837 டிகிரி. அதைத் தாண்டினால் விடை மைனஸ் ஆகிவிடும். (இரண்டு எண்களும் வெப்பநிலையோடு மாறாது என்று வைத்துக்கொண்ட தோராயக் கணக்கு இது.)

பேத்தி எழுதிக்கொண்டு போய்விட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. இந்தக் கணக்கின் இரண்டாம் பாதியைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று சொன்ன ஒரு பிரெஞ்சுக்காரர், அதற்கு ஆயுள் முழுக்க விலை கொடுத்தார். அவர் பெயர் பியேர் துயெம்.

துயெம் காலத்தில் பிரெஞ்சு வேதியியலின் பெரிய மனிதர் மார்சலாங் பெர்த்லோ. சாதாரணமானவர் அல்ல. வெப்பம் விடும் வினை, வெப்பம் கொள்ளும் வினை என்பதற்கு இன்று உலகம் வழங்கும் சொற்களை உண்டாக்கியவர். எத்தனையோ வினைகளின் வெப்பத்தைப் பொறுமையாக அளந்தவர். 1879-இல் வெளியான அவருடைய பெரிய நூலின் மையக்கருத்து, வெளி ஆற்றல் தலையிடாதபோது அதிக வெப்பத்தை வெளிவிடும் வினையே நடக்கும் என்பது. கணக்கின் முதல் பாதி மட்டும் போதும் என்றார், அவ்வளவுதான்.

இந்த விதி பெரும்பாலும் சரியாகவே வந்தது. சாதாரண வெப்பநிலையில் முதல் பாதி பெரியது, இரண்டாம் பாதி சின்னது. மேலே பாருங்கள், 178-க்கு எதிரில் வெறும் 48. சின்னத் தொகையை விட்டுவிட்டாலும் பல கணக்குகளில் விடையின் குறி மாறாது. தவறு நீண்ட காலம் பிழைத்துக்கிடப்பது இப்படித்தான்.

காளவாயில் நெருப்பு என்ற வெளி ஆற்றல் இருக்கிறதே என்று பெர்த்லோ தரப்பு வாதாடலாம். பள்ளியில் எங்கள் முசே நவச்சாரத்தைத் தண்ணீரில் போட்டுச் சோதனைக் குழாயை எங்கள் கையில் கொடுப்பார். ஜில்லென்று இருக்கும். நெருப்பு இல்லை, யாரும் தூண்டவில்லை. வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே அது தானாகக் கரைகிறது.

அமெரிக்காவில் கிப்ஸ் 1876-க்கும் 1878-க்கும் இடையில் முழுக் கணக்கையும் எழுதிவிட்டார். ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1882-இல் அதற்கு 'கட்டிலா ஆற்றல்' என்று பெயர் வைத்தார். பாரிசில் எகோல் நார்மால் மாணவராக இருந்த துயெம், இதை அடிப்படையாக வைத்து 1884-இல் முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுத்தார். பெர்த்லோவின் விதி தவறு என்பது அதில் தெளிவாக இருந்தது. லிப்மன் தலைமையிலான குழு ஏட்டை நிராகரித்தது. பின்னணியில் பெர்த்லோவின் செல்வாக்கு இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். துயெம் அடங்கவில்லை. 1886-இல் அதையே புத்தகமாக அச்சிட்டார். அதே ஆண்டின் கடைசியில் பெர்த்லோ கல்வி அமைச்சரானார்!

வேறொரு ஏட்டுக்கு 1888-இல் துயெம் பட்டம் பெற்றார். ஆனால் வேலை லீலில், பிறகு ரென்னில், 1894 முதல் போர்தோவில். பாரிசில் பிறந்த அந்த மனிதருக்குப் பாரிசில் ஒரு பேராசிரியர் நாற்காலி கடைசிவரை கிடைக்கவில்லை. துயெமும் வளைந்துகொடுக்கிற ஆள் அல்ல, சண்டைக்காரர். கொலேஜ் து பிரான்சில் அறிவியல் வரலாற்று இடத்துக்கு முயலும்படி நண்பர்கள் சொன்னபோது, நான் இயற்பியலாளன், பின்வாசல் வழியாகப் பாரிசுக்குள் வரமாட்டேன் என்று மறுத்தாராம். 1916-இல் காலமானார். இன்று கொலேஜ் து பிரான்ஸ் இருக்கும் சதுக்கத்துக்குப் பெர்த்லோவின் பெயர். வெப்ப இயக்கவியல் பாடநூல்களிலோ கிப்ஸ்-துயெம் சமன்பாடு இருக்கிறது.

இதில் எனக்கு ஏன் தூக்கம் போக வேண்டும்? சொல்லிவிடுகிறேன். ஒரு கடைநிலை ஊழியரின் ஓய்வூதியக் கணக்கில், அவர் முதலில் வேறொரு துறையில் பார்த்த நான்கு வருட சேவை விடுபட்டிருந்ததை நான் கவனித்தேன். "மேலே கையெழுத்தாகிவிட்டது, கிளறாதே" என்றார் மேலதிகாரி. எனக்கு இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு. வாயை மூடிக்கொண்டேன். அந்த அதிகாரி மாற்றலாகிப் போன பிறகுதான் குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். நிலுவையோடு ஆணை வந்தது, இரண்டு வருடம் தாமதமாக. அந்தப் பெரியவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். தவறு எனக்கு எப்போது தெரியும் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பேத்திக்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண் வந்திருக்கிறது.