தகட்டின் வழியே வந்த வண்ணம்

திருகோணமலைத் துறைமுகத்தை அறிந்த நேயர்கள், கப்பலேறும் பெட்டிகளின்மேல் ஊர்ப்பெயரும் இலக்கமும் பொறித்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். எழுத்தின் வடிவைத் தகரத்தில் வெட்டியெடுத்து, அத்தகரத்தைப் பலகைமேல் வைத்து, மைத் தூரிகையால் தடவுவார்கள். தகரத்தை எடுத்தால் எழுத்து நிற்கும். இந்த எளிய உபாயமே ஒரு காலத்தில் பாரிஸ் நகரத்துச் சீமாட்டிகளின் பட்டாடைகளையும் படமாக்கிக் காட்டிற்று.

1908ஆம் ஆண்டில் போல் புவாரே என்னும் ஆடைக் கலைஞர், தாம் தைத்த உடைகளைப் போல் ஈரீப் என்ற ஓவியரைக் கொண்டு வரைவித்து, பத்துப் படங்கள் அடங்கிய ஏடொன்றை 250 பிரதிகள் வெளியிட்டார். 1911இல் ஜார்ஜ் லெபாப் வரைந்த ஏடு தொடர்ந்தது. அடுத்த ஆண்டு தொடங்கி, இடையே போரினால் தடைப்பட்டு, 1925 வரை வெளிவந்த 'கசெத் தியு பொன் தோன்' என்னும் இதழ் இம்முறையை உச்சிக்குக் கொண்டுசென்றது.

முதலில் கோட்டோவியத்தை அச்சிடுவர். பின்னர் நிறத்துக்கு ஒன்றாக மெல்லிய செம்புத் தகட்டையோ துத்தநாகத் தகட்டையோ வெட்டி, ஒவ்வொரு தாளிலும் கையாலேயே வண்ணமேற்றுவர். ஒரு படத்துக்கு இருபது முப்பது தகடுகள் வேண்டியிருந்ததும் உண்டு. வண்ணம் பெரும்பாலும் குவாஷ். அதாவது, பிசினிற் குழைத்த, ஒளி புகாத நீர்வண்ணம். தெளிந்த நீர்வண்ணமாயின் தகட்டின் விளிம்புக்கு அடியிற் கசிந்துவிடும். குவாஷ் கெட்டியாகப் படிந்து, பளபளப்பின்றி வெல்வெட்டுப்போல் நிற்கும். புவாரே இறுக்குக் கச்சையை நீக்கி, தோளிலிருந்து நேரே விழும் உடைகளைத் தைத்தவர். மடிப்பும் நிழலும் குறைந்த அவ்வுடைக்கு இவ்வண்ணத்தைவிடப் பொருத்தமானது வேறில்லை என்பது என் எண்ணம்.

உடைக்கு மேலே தலைப்பாகை! இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் எனப்படும் இலண்டன் காட்சிசாலையில் இந்தியத் தலைப்பாகைகளைக் கண்டு மயங்கி, அவற்றைப் பார்த்துச் செய்துவரத் தம் பணியாளர் ஒருவரை அனுப்பியதாகப் புவாரேயே எழுதியிருக்கிறார். அதே காட்சிசாலையில் நம் பக்கத்துப் பொருள் வேறொன்றும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கும்பினி அதிகாரிகளுக்காகத் தஞ்சாவூர் ஓவியர் சாதிக்கொரு தம்பதியாக, உடையும் அணியும் விளங்கத் தீட்டிய படங்கள் அவை. அவையும் ஒளி புகா நீர்வண்ணமே. திருச்சிராப்பள்ளியில் அபிரகத் தகட்டிலும் தீட்டினர். பாரிசார் இவற்றைப் பார்த்துக் கற்றனர் என்று நான் சொல்ல வரவில்லை. உடையையே பொருளாகக் கொண்டு வரையும் கலை அங்கு மட்டும் பிறந்ததன்று என்கிறேன்.

தஞ்சை ஓவியரிற் பெரும்பாலோரின் பெயர் நமக்குக் கிட்டவில்லை. பாரிஸ் படங்களிலோ லெபாப்பின் கையொப்பம் உண்டு. தகடு வெட்டியவர், வண்ணம் பூசியவர் பெயர்களைத் தேடினால் பெரும்பாலும் காணக் கிடையாது. 1925இல் ழான் சொதே என்னும் பட்டறைத் தலைவர் இத்தொழில் பற்றி நூலொன்று வெளியிட்டார். 1930களிலோ ஆடை இதழ்கள் நிழற்படத்தின் பக்கம் சாய்ந்தன. ஆயிரம் தாளை ஆயிரம் தடவை தொட்ட அக்கைகளுக்கு வேலை அருகிப்போயிற்று.